பதினாறு என்று சொன்னேன்

பிஸ்கட் டின்னின் மூடி ஒட்டிக்கொண்டது. மலையில் எல்லாமே ஒட்டிக்கொள்ளும். உப்பு, தீக்குச்சி, துணி, தாள். அம்மா கரண்டிக் காம்பால் நெம்பித் திறந்து, பிளாஸ்டிக் பையில் சுற்றியிருந்த பிறப்புப் பத்திரத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள். முந்தின நாள் மத்தியானத்திலிருந்து என் தங்கையைக் காணவில்லை. நானும் அம்மாவும் போலீசுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தோம்.

"தாள்ல என்ன இருக்கோ அத மட்டும் சொல்லு. வேற எதுக்கும் வாயத் தொறக்காத," என்றார் அப்பா. அவர் எங்களோடு வரவில்லை. அவருடைய அடையாள அட்டை, ஐ.சி., சிவப்பு நிறம், குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுப்பது. சீருடை போட்ட யாரைக் கண்டாலும், அது தபால்காரராக இருந்தாலும், அவர் கை தானாகச் சட்டைப்பைக்குப் போய்விடும்.

அந்தத் தாளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அது என் தங்கையுடையது அல்ல.

எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒருத்தி பிறந்தாள். பத்து மாதம் இருந்தாள். நெஞ்சில் சளி கட்டி ஒரு மழைக்காலத்தில் போய்விட்டாள். அன்று சாயங்காலமே கோயிலுக்குப் பின்னால் இருந்த சரிவில் புதைத்தார்கள். பிறப்பைப் பதிந்த அப்பா இறப்பைப் பதியப் போகவில்லை. போனால் தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் வேலை கெடும், தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியிடம் கடிதம் கேட்டு நிற்க வேண்டும். செத்த பிள்ளைக்கு எதற்கு சூராட், அரசாங்கப் பத்திரம், என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாரோ சொன்னார்களாம். பிறப்புத் தாள் டின்னுக்குள் போனது. அரசாங்கத்தைப் பொறுத்தவரை அவள் சாகவில்லை. டின்னின் இருட்டுக்குள் அவளுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று வயது ஏறிக்கொண்டிருந்தது.

தாளில் அவளுக்கு மூன்று வயதானபோது என் தங்கை பிறந்தாள். லயத்து வீட்டிலேயே, அடைமழையில், மண் சரிந்து ரோடு அடைபட்டிருந்த வாரத்தில். ரோடு திறந்தது. அப்பா போகவில்லை. நாள் கடந்து போனால் கேள்வி கேட்பார்கள். கேள்விகளுக்குப் பயந்து இன்னும் நாள் கடந்தது. தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார் நல்ல மனிதர், கிராணியின் ஒரு வரிக் கடிதத்தை வாங்கிக்கொண்டு அவளைச் சேர்த்துக்கொண்டார். ஆறாம் வகுப்பு முடிந்த பிறகுதான் சிக்கல் வந்தது. டவுன் பள்ளிக்கு பஸ் ஏற்றி அனுப்ப வீட்டில் ஒருத்திக்குத்தான் வழி இருந்தது. அந்த ஒருத்தி நான். அவள் கொழுந்து கிள்ளப் போக வேண்டும். போக ஐ.சி. வேண்டும். ஐ.சி. எடுக்கத் தாள் வேண்டும். அம்மா டின்னைத் திறந்தாள்.

அவள் நெட்டையானவள். அலுவலகத்தில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பன்னிரண்டு வயதுக்காரி பதினைந்து வயதுக்காரியாக வெளியே வந்தாள், இறந்த அக்காவின் பெயரோடு. வீட்டிலும் லயத்திலும் கூப்பிடும் பெயர் மட்டும் மாறவில்லை. இப்படிச் செய்தது எங்கள் வீடு மட்டும் அல்ல. அதே லயத்தில் இன்னும் இரண்டு வீடுகளில் போய்விட்டவர்களின் தாள்களில் பிள்ளைகள் உயிரோடு உலவினார்கள். யாரும் அதைத் திருட்டாக நினைத்ததில்லை. மூத்தவளுக்குச் சின்னதாகிப்போன சட்டையை இளையவளுக்குப் போட்டுவிடுவதுபோல.

காலைப் பெரட்டில் ஆளெண்ணும்போது கிராணி அந்தப் பெயரைக் கூப்பிடுவார். முதல் வாரம் முழுக்கத் தங்கை பதில் சொல்ல மறந்துபோனாள்.

"என்னாடி, செத்துட்டியா? பேரு கூப்புடுறது காதுல விழலியா?" என்று வேலை மேய்க்கும் மண்டோர் கேட்க, வரிசையில் நின்ற பெண்கள் எல்லாம் சிரித்தார்களாம். அம்மா தலையில் சாக்கை இழுத்துவிட்டுக்கொண்டு மலையைப் பார்த்தாளாம். இதையெல்லாம் தங்கையே எனக்கு நடித்துக் காட்டுவாள், மண்டோரின் தொந்தியோடு.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் ஐந்தாம் பாரம் முடித்துவிட்டுத் தேர்வு முடிவுக்காகக் காத்திருந்தேன். தங்கை காணாமல்போன அந்தச் சனிக்கிழமை அரை நாள் வேலை. கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு, அம்மாவுக்கு வெற்றிலை வாங்கிவர ரிங்லெட் டவுனுக்குக் கிளம்பினாள். கியா பார்மிலிருந்து கோஸ் ஏற்றிக்கொண்டு இறங்கும் லோரியில் முன்பக்கம் இடம் கிடைத்தது. கையை ஆட்டிவிட்டுப் போனதை நாலு பேர் பார்த்தார்கள். அவ்வளவுதான். அந்த இரவைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றுமில்லை. விடிந்தது, அவள் வரவில்லை.

போலீஸ் நிலையத்து முகப்பு மேசையில் இளவயது ஆள் ஒருவர் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைக் காலை, தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு இலைப் பொட்டலத்தில் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு எனக்கு நாற்காலி காட்டினார். அம்மாவுக்குக் காட்டவில்லை. மலாயில் கேட்டார், நான் சொன்னேன். பெயர்? தாளில் இருந்த பெயரைச் சொன்னேன். உயரம்? சொன்னேன். வயது?

எனக்கு அப்போது பதினெட்டு. மலாய் எழுத்தில் பரிசு வாங்கியவள். எந்தச் சொல்லை எங்கே வைத்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவள் என்று என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தவள்.

"எனாம் பிலாஸ்," என்றேன். பதினாறு.

அவர் பேனா நின்றது. சிரித்தார். கெட்ட சிரிப்பு என்று சொல்ல முடியாது. சலித்துப்போனவரின் சிரிப்பு. பதினாறு வயதுப் பெண், சனிக்கிழமை, புதுச் சட்டை போட்டிருந்தாளா? பையன் யாராவது? இரண்டு நாள் பாருங்கள், பசித்தால் வந்துவிடுவாள், இல்லையென்றால் கல்யாணம் முடித்துக்கொண்டு வருவாள். ஓடிப்போனாள் என்று ஒரு சொல்லை எழுதினார். நான் தலைகீழாக அதைப் படித்தேன்.

"என்ன சொல்றாரு?" அம்மா என் முழங்கையைப் பிடித்திருந்தாள்.

"தேடுறாங்களாம்மா."

"அதுக்கு ஏன் சிரிக்கிறாரு?"

வெளியே வந்து, பஸ் நிற்கும் இடத்தில், பனி எங்கள் மேல் நனைந்த துணிபோல் இறங்கிக்கொண்டிருந்தபோது அம்மா மெதுவாகக் கேட்டாள்.

"எத்தன வயசுன்னு சொன்ன?"

"தாள்ல உள்ளது."

அம்மா தலையாட்டினாள். அந்த ஆட்டல் சரி என்றதா, இல்லையா, இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. பஸ் வந்தது. ஏறினோம்.

அந்த வாரம் இரண்டு முறை போனோம். இரண்டு முறையும் அதே மேசை. எழுதியாகிவிட்டது, காத்திருங்கள். அம்மா வேலைக்குப் போய்க்கொண்டேதான் இருந்தாள். போகாவிட்டால் வீட்டில் உட்கார வேண்டும், உட்கார்ந்தால் வாசலைப் பார்க்க வேண்டும். கொழுந்துக்கிடையில் முற்றின இலையும் குச்சியும் கிடக்கிறது என்று மண்டோர் நிறுவையில் ஒருநாள் கூடையைத் திருப்பிக் கொட்டினான். அவளுக்கு அப்படி நடந்ததே கிடையாது. கீழே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாளாம்.

ஆறாம் நாள் அம்மாவே ரிங்லெட்டுக்குப் போனாள். நானும் கூட. லோரி நின்ற இடத்தில் காய்கறிக் கடை வைத்திருந்த ஓர் அக்கா, அம்மாவைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"எங்க, அத்த, ஒங்க சின்னவ? வெத்தல கட்டி வச்சேன், காசு குடுத்துட்டு எடுக்காமலே போயிருச்சு."

அம்மா அவளையே பார்த்தாள். "எப்ப?"

"சனிக்கெழம லா. ஒரு அம்மா வந்தாங்க, தங்கப் பல்லு, ஈப்போ பக்கம் பேச்சு. ரொம்ப நேரம் நின்னு பேசிக்கிட்டிருந்துச்சு ரெண்டும். அப்புறம் கார்ல ஏறிருச்சு. சொந்தக்காரங்கன்னு நெனச்சேன்."

"மாத்தா வந்து விசாரிக்கலியா ஒன்ன?" போலீசுக்கு அம்மா சொல்லும் சொல் அது.

"வந்தாங்களே. செவ்வாக்கெழம. ஏதோ ஒரு பேரச் சொல்லி, பதினாறு வயசுப் பொண்ணுன்னு கேட்டாங்க. அப்பிடி யாரையும் தெரியாதுன்னு சொன்னேன்." அவள் சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். "அத்த, அது நம்ம பாப்பாவா? வீட்டுப் பேரச் சொல்லிக் கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லிருப்பேனே."

கடைக்கு மேலே துணிக்கூரை காற்றில் அடித்துக்கொண்டது. போலீஸ் தேடத்தான் செய்திருக்கிறது. கடை கடையாக ஏறி இறங்கி, சரிவில் புதைந்துகிடக்கும் ஒருத்தியைத் தேடியிருக்கிறது. அவளை யாருக்குத் தெரியும்?

நிலையத்துக்கு ஓடினோம். தங்கப் பல், கார், ஈப்போ எல்லாம் சொன்னேன். மேசை ஆள் கேட்டுக்கொண்டார். பெண் தானாகக் காரில் ஏறினாளா, யாரும் இழுத்தார்களா? தானாகத்தான். அப்படியானால்? பதினாறு வயது, வேலைக்குப் போயிருக்கிறாள், கடிதம் போடுவாள். அவர் அதை எழுதக்கூட இல்லை. பேனா மூடியிலேயே இருந்தது. அம்மாவுக்கு மலாய் தெரியாது, மூடிய பேனா தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் சேலையைக்கூட மாற்றாமல் சொன்னாள். "பேப்பர எடு. பெரிய ஆபீசருக்கு எழுது. அந்த மேசைக்காரன் மேல எழுது."

பள்ளி நோட்டிலிருந்து இரண்டு தாள் கிழித்து, நடுவில் கார்பன் வைத்தேன். அம்மா அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டு சொல்லச் சொல்ல நான் மலாயில் எழுத வேண்டும்.

"மொத வரி. எம்மகளுக்குப் பதிமூணு வயசு."

அப்பா எழுந்துவிட்டார். "ஏய். என்ன எழுதச் சொல்ற நீ?"

"நெசத்த."

"அந்த ஐ.சி. போயிரும். பொய்த் தாளு குடுத்தம்னு என்னையப் புடிச்சி உள்ள வைப்பான். கப்பல் ஏத்திருவான். தெரியுமா ஒனக்கு?"

"ஏத்தட்டும். போறப்ப ஈப்போல எறங்கி அவளத் தேடிக்கிட்டுப் போங்க."

"பிள்ள வந்துட்டா நாளைக்கி எந்தத் தாள வச்சி அவ பொழைப்பா?"

அது சரியான கேள்வி என்று அவளுக்கும் தெரியும். என் பக்கம் திரும்பினாள். "எழுதுறியா, இல்ல கிராணி வீட்டுக்குப் போகவா?"

எழுதினேன். பதிமூன்று என்று எழுத்தில் எழுதி, பக்கத்தில் எண்ணிலும் போட்டேன். முதல் நாளே போனோம், சிரித்தார்கள். நாற்காலி கொடுக்கவில்லை. அந்த வரியையும் சேர்க்கச் சொன்னாள். வீட்டில் கூப்பிடும் பெயர் என்ன என்று எங்களைக் கேட்கவில்லை. கார் பற்றிச் சொன்னோம், பேனாவைத் திறக்கவில்லை. நான் சில இடங்களை மென்மையாக்கினேன். மலாயில் மரியாதையாக எழுத எனக்கு வரும். கடைசியில் அம்மா கேட்டாள்: "பதினாறுன்னு மொதல்ல நாமதான் சொன்னோம்னு போட்டியா?" போட்டிருக்கவில்லை. அதையும் போட்டேன். நாம் என்று.

நான்கு நாள் கழித்து ஒரு கான்ஸ்டபிள் மோட்டாரில் வந்தார். தமிழர், நாற்பது வயதிருக்கும், கூலிம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர் என்று சொன்னார். அம்மா கொடுத்த தேத்தண்ணியை வாங்கிக்கொண்டார். மடியில் பிறப்புப் பத்திரத்தின் நகலையும் எங்கள் கடிதத்தையும் விரித்தார்.

"ஏங்கா, சூராட்டுல பதினாறு. கடுதாசில பதிமூணு. எது நெசம்?"

"வாங்க தம்பி, காட்டுறேன்," என்றாள் அம்மா.

கோயிலைத் தாண்டி நடந்தோம். நான் பல வருடங்களாக அந்தப் பக்கம் போனதில்லை. சரிவு இருந்த இடத்தில் சரிவு இருந்தது, ஆனால் புதைகாடு இல்லை. முழுக்கப் புதுத் தேயிலை. முழங்கால் உயரத்துக்கு, வரிசை வரிசையாக, பச்சை மினுங்கிக்கொண்டு. போட்டு மூன்று நான்கு வருடம் இருக்கும். சின்னக் கல் ஒன்று வைத்திருந்தார்களாம், வெட்டிப் புரட்டியபோது எங்கேயோ போய்விட்டது.

அம்மா கோயில் சுவரிலிருந்து அடி வைத்து எண்ணினாள். நின்றாள். திரும்பிப் போய் மறுபடி எண்ணினாள். ஒரு செடிக்கும் இன்னொரு செடிக்கும் நடுவில் நின்றுகொண்டு, அதுவா இதுவா என்று தெரியாமல் இரண்டையும் பார்த்தாள்.

"இங்கதான் தம்பி. இந்தா, இந்த ரெண்டுல ஒண்ணு. தாள்ல உள்ளவ இங்க இருக்கா. அவளத் தேடாதீங்க. எம்புள்ளயத் தேடுங்க."

கான்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றினார். இரண்டு செடிகளையும் பார்த்தார். பிறகு, "அக்கா, இத நான் எழுதுனா ஒடனே வேலை நடக்கும். சின்னப் புள்ளன்னு ஈப்போக்குத் தகவல் போகும். ஆனா எழுதுன எழுத்து நிக்கும். அப்புறம் அந்த ஐ.சி. பத்திக் கேப்பாங்க. ஒங்க வீட்டுக்காரரக் கேப்பாங்க. யோசிச்சிச் சொல்லுங்க," என்றார்.

"எழுதுங்க," என்றாள் அம்மா. செடிகளுக்கு நடுவிலிருந்து அவள் வெளியே வரவில்லை.

மூன்றாம் நாள் தங்கை கிடைத்தாள். ஈப்போவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்கட்டில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். தங்கப் பல்காரியைப் போலீசுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. குழந்தை என்று தெரிந்தால் எங்கே போய்க் கதவைத் தட்ட வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. மூன்றே நாள். நான் மேசையில் பதிமூன்று என்று சொல்லியிருந்தால் அந்த மூன்று நாள் முதல் வாரத்திலேயே முடிந்திருக்கும். இதை நான் யாரிடமும் கணக்குப் பார்த்துச் சொன்னதில்லை. நடு வயதாகியும் பஸ்ஸில், கடையில், பாதிப் பேச்சில் வந்து நிற்கிறது.

அவள் கைகள் தட்டுக் கழுவும் சோடாவில் வெந்து தோலுரிந்திருந்தன. யாரும் அடிக்கவில்லை என்றாள். வெளியே விடவில்லை, ஐ.சி.யை முதலாளி வாங்கி வைத்துக்கொண்டார், அவ்வளவுதான் என்றாள்.

"ஏன்டி ஏறுன?" நான்தான் கேட்டேன்.

"சாயங்காலத்துல பள்ளிக்கூடம் அனுப்புறேன்னாங்க, ஒன்ன மாதிரி." கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எத்தன வயசுன்னு கேட்டாங்க. தாள்ல உள்ளத சொன்னேன். அப்பன்னா சரின்னாங்க."

அப்பா எழுந்து வெளியே போனார்.

கான்ஸ்டபிள் இன்னொரு முறை வந்தார். இந்த முறை தேத்தண்ணி வேண்டாம் என்றார். தண்ணீர்க் குழாயடியில் நின்றுகொண்டே பேசினார், அம்மாவைப் பார்க்காமல். பெரிய ஆபீசர் கோப்பைப் பார்த்துவிட்டாராம். ஒரே பெண்ணுக்கு இரண்டு வயது இருக்க முடியாது. அம்மாவின் புகாரை விசாரிப்பதென்றால் பதிமூன்றை வைத்து விசாரிக்க வேண்டும். மேசைக்காரர் பதில் சொல்ல வேண்டிவரும். கூடவே பொய்த் தாளுக்கு அப்பா பதில் சொல்ல வேண்டிவரும், தங்கையின் ஐ.சி. பிடுங்கப்படும். புகாரைத் திரும்ப எடுத்துக்கொண்டால், துக்கத்தில் வயதைத் தப்பாகச் சொல்லிவிட்டதாக எழுதிக் கொடுத்தால், பதினாறு பதினாறாகவே இருக்கும். கோப்பை மூடிவிடலாம்.

"நீங்க என்ன செய்வீங்க தம்பி?" என்று கேட்டாள் அம்மா.

"எங்க தோட்டத்துலயும் இப்பிடி ஒரு தாளு இருந்துச்சுக்கா," என்றார். மோட்டாரை உதைத்துக் கிளப்பினார்.

அன்று சாயங்காலம் மறுபடியும் தாள், பேனா. இந்த முறை அம்மா உட்கார்ந்து சொன்னாள். தங்கை சுவரோரம் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். என் மகளுக்குப் பதினாறு வயது. கவலையில் மாற்றிச் சொல்லிவிட்டேன். அவள் கிடைத்துவிட்டாள். நானே ஒரு வரி சேர்த்து எழுதி, தமிழில் படித்துக் காட்டினேன்: "போலீஸ் மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை."

"அத அடி."

"அம்மா, அப்பிடி எழுதினாத்தான்..."

"குறை இல்லேன்னு நான் எப்ப சொன்னேன்? இருக்கு. எடுத்துக்கிறேன்னு மட்டும் எழுது."

அடித்துவிட்டு எழுதினேன். மறுநாள் அதே மேசையில், அதே ஆளுக்கு முன்னால் அம்மா கட்டைவிரலை மையில் அழுத்தி ஒற்றினாள். அவர் இம்முறை சிரிக்கவில்லை. நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். அம்மா உட்காரவில்லை. விரலை மேசை விளிம்பில் துடைத்துவிட்டு, "வா" என்று என்னிடம் சொல்லி நடந்தாள். வெளியே வந்து திரும்பிப் பார்த்தேன். விளிம்பில் நீலமாக ஒரு கோடு இருந்தது.

வீட்டில் நான் முதல் கடிதத்தின் கார்பன் நகலைத் தேடி எடுத்தேன். யார் கையிலாவது சிக்கினால் ஆபத்து என்று அடுப்பில் போடப் போனேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"குடு அத."

"எதுக்கும்மா? அதுல பதிமூணுன்னு இருக்கு."

"அதுக்குத்தான். அவளுக்கு நெசமான வயசு சொல்ற தாளு இந்த ஒலகத்துல இது ஒண்ணுதான்."

பிளாஸ்டிக் பையைப் பிரித்து, இறந்தவளின் பிறப்புப் பத்திரத்தோடு அதையும் மடித்து வைத்தாள். மூடியை இரண்டு கையாலும் அழுத்தி மூடினாள். மறுநாள் காலை பெரட்டில் கிராணி அந்த இறந்தவளின் பெயரைக் கூப்பிட்டபோது தங்கை உடனே பதில் சொன்னாளாம்.